பரணில் காய்ந்த காபி

அக்கா ஒன்றைப் "பரவால்ல" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பட்டம் கிடையாது. மாப்பிள்ளையோ மாம்பழமோ, அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்ச மரியாதை அதுதான். "நல்லாருக்கு" என்ற சொல் அவருக்குத் தெரியுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். அவருடைய கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைக் காதால் கேட்டதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்வார். பெண் பார்க்கப் போன அன்று பலகாரத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போன அக்கா, "இவருக்கு நாப்பதுக்குள்ள முடி கொட்டிடும்" என்று தன் அம்மாவிடம் சொன்னாராம். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. முப்பத்தெட்டில் கொட்டியது.

நான் அக்கா என்று கூப்பிட்டாலும் அவர் எனக்குச் சொந்தம் இல்லை. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு காபிக் கம்பெனியில் நான் வறுக்கும் மெஷின் ஓட்டினேன். அவர் அங்கே ருசி பார்த்தார். ருசி பார்ப்பது என்றால் குறை கண்டுபிடிப்பது. மற்ற பெண்கள் குறை சொன்னால் குடும்பத்தில் சண்டை வரும். அக்காவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

முதலாளியை நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்போம். பிறந்தது புதுச்சேரி, வளர்ந்தது பிரான்ஸ், நாற்பது வயதில் திரும்பி வந்து தமிழை மூக்கால் பேசிக்கொண்டிருந்தவர். பெரிய எஸ்டேட் காபியைத் தொடமாட்டேன் என்பது அவர் கொள்கை. சேர்வராயன் மலை, கொல்லி மலை, பழனி மலை என்று உயரத்தில், இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் வைத்துக் குடும்பமே சேர்ந்து பாடுபடுகிற சின்னத் தோட்டங்களில் மட்டும்தான் வாங்குவார். கலப்படம் இல்லாத ஒரே தோட்டத்துக் காபி. பாக்கெட்டின் மேல் அந்தக் குடும்பத்தின் படம் இருக்கும், படத்தில் எல்லோரும் சிரிக்கவேண்டும். சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு தருவார் என்பதால் அவர்களும் சிரமம் இல்லாமல் சிரித்தார்கள்.

சரக்கு முழுக்கக் கப்பலேறிப் போனது. சிக்கரி கலக்காத, பால் ஊற்றாத அந்தக் காபியைப் புதுச்சேரியில் யாரும் சீந்தவில்லை. நாங்களே குடிக்கவில்லை. பதினோரு மணிக்குக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் எதிர்க்கடையில் டீக்கு நிற்போம். "அப்ப உள்ள இன்னாதான்யா வறுக்கிறீங்க?" என்று டீ மாஸ்டர் தினமும் கேட்பார். அக்கா வீட்டில் என்ன காபி என்று ஒருமுறை விசாரித்தேன். அரைக்குக் கால் சிக்கரி போட்ட கடைத்தூள். "ருசி பாக்கறது வேலைப்பா. குடிக்கிறது குடும்பம்" என்றார்.

ஆரம்பத்தில் அவரும் முறத்தில் கொட்டை பொறுக்கும் பெண்களோடு உட்கார்ந்தவர்தான். உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் கையால் பொறுக்கி எறியவேண்டும். ஒரு நாள் புதிதாக இறங்கிய மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்தவர், பினாயில் வாடை அடிக்கிறது என்றார். முசியே முகர்ந்தார். நான் முகர்ந்தேன். எங்களுக்குக் காபிக் கொட்டை வாசம்தான் வந்தது. லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டதில், முந்தின நடையில் பினாயில் கேன் ஏற்றியதாக ஒப்புக்கொண்டான். முறத்தைக் கீழே வைக்கச் சொல்லி அன்றே அவரை ருசி பார்க்கும் மேஜைக்குக் கூட்டிப்போனார் முசியே. உரிய மரியாதையோடு "மதாம்" என்று கூப்பிடவும் தொடங்கினார். அக்காவின் முதல் கருத்து, மேஜை ஒரு கால் ஆடுகிறது என்பது.

உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். எங்களில் எரியாத உடம்பே கிடையாது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியாரிடம், பிரசங்கத்தில் இரண்டு கதை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். வில்லியனூரில் நான் கடன் உடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா அன்று வந்தவர், வாழைமரத்தைப் பார்க்கவில்லை, பந்தியைப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். "வாட்டம் தப்புப்பா. தண்ணி கதவுப் பக்கம் வருது" என்றார். மேஸ்திரிக்கும் எனக்கும் அன்றைக்குக் கைகலப்பு ஆகாதது தெய்வச்செயல். என் மனைவி இன்றைக்கும் குளித்து முடித்ததும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வருகிறாள்.

ஆனால் ஒன்று. குறை சொன்ன பந்தியில் கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவார். குறை சொன்ன குழந்தையைத் தூக்கினால் இறக்கமாட்டார். முதலில் குறையைச் சொல்லித் தீர்த்தால்தான் அவருக்கு ஒன்றின் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடியும். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

அக்காவின் தாய்வீடு சேர்வராயன் மலையில். ஏற்காட்டுக்கு மேலே, பஸ் போகும் கடைசி இடத்திலிருந்து இன்னும் நடக்கவேண்டும். சில்வர் ஓக் மர நிழலில் மூன்று ஏக்கர் காபி, மரங்களில் மிளகுக் கொடி. அம்மா அப்பா போனபின் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிலத்தில் ஒரு ரிசார்ட் வந்துவிட்டது. அதன் ஆட்கள் இந்த மூன்று ஏக்கரையும் கேட்டு வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோனார்கள். சந்தை விலைக்குக் காபி போட்டால் கூலிக்கே கட்டாது என்ற நிலையில், தம்பிக்கு இரண்டே வழி. முசியே மாதிரி ஒருவர் காபியை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ரிசார்ட் நிலத்தை எடுக்கும்.

தம்பி தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முசியே மறுத்திருக்கமாட்டார். இரண்டு வருடம் சொல்லவில்லை. கேட்டால், இன்னும் அவன் காபி தேறவில்லை என்பார். அதற்குப் பதிலாக லீவு போட்டு மலையேறிப் போய்த் தம்பி குடும்பத்தை வாட்டி எடுத்தார். செக்கச்செவேலென்று பழுத்ததை மட்டும் பறி. பச்சைக்காய் ஒன்று கூடையில் விழுந்தாலும் தம்பி பெண்டாட்டிக்கு அர்ச்சனை. பறித்த அன்றே தோல் உரி. கழுவு. தரையில் கொட்டாதே, வலை கட்டிக் காய வை. மழை வந்தால் தார்ப்பாய் போடு. என்ன ஆனாலும் பரணில் ஏற்றாதே. தம்பி பெண்டாட்டி ஒரு கட்டத்தில், "நாத்தனாரு வந்து போனா எங்களுக்குத்தான் தோல் உரியுது" என்றாராம். இதை அக்காவே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது வருடம், இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன், தம்பியின் சாம்பிள் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டது. அனுப்பச் சொன்னது அக்காதான். அதை அவர் வாயால் கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது, காபி தேறிவிட்டது என்று.

சாம்பிள் பைகளைப் பிரிப்பது, வறுப்பது, கப்புகளுக்கு நம்பர் போடுவது எல்லாம் என் வேலை. எந்த நம்பர் யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ருசி பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. தம்பியின் பைக்குள் ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. நோட்டுப் புத்தகத் தாள், குண்டு குண்டான எழுத்து. "ஐயாவுக்கு வணக்கம். இந்த வருடம் காயவைக்கும் சமயத்தில் நாலு நாள் விடாத மழை. ஆண்டவர் கிருபையால் ஒரு கொட்டை கூட நனையாமல் காப்பாற்றிவிட்டோம்." படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது. எப்படிக் காப்பாற்றினார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த வருடம் ருசி பார்க்கப் பிரான்சிலிருந்து ஒரு வியாபாரியும் வந்திருந்தார். ஆறு கப்புகள். இருப்பதில் ஒரு தோட்டத்தை அவர் தேர்ந்தெடுப்பார், அந்தக் குடும்பத்தின் காபியை ஐந்து வருடத்துக்குத் தொடர்ந்து எடுப்பதாக எழுதிக்கொடுப்பார் என்று பேச்சு. ஐந்து வருடம் என்றால் ரிசார்ட்காரன் அந்தப் பக்கமே தலை காட்டமாட்டான். முதல் நாள் சாயங்காலம் அக்காவிடம் நாலாம் நம்பர் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் என்னைத்தான் முதலில் துப்புவார் என்று அடக்கிக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. தூளில் வெந்நீர் ஊற்றி நாலு நிமிடம் விடவேண்டும். மேலே ஆடை போல மிதப்பதைக் கரண்டியால் உடைத்து முகரவேண்டும். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சவேண்டும். சர்ரென்று சத்தம் வரவேண்டும், அப்போதுதான் நாக்கு முழுக்கப் பரவும். பிறகு எச்சில் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கப்புக்குப் போகவேண்டும். துப்பாவிட்டால் நாக்கு குழம்பிவிடும். அக்கா உறிஞ்சுகிற சத்தம் வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்குக் கேட்கும். ஒரு கப்புக்கு ஒரு கரண்டிதான். இரண்டாவது கரண்டி எடுத்து நான் பார்த்ததே கிடையாது.

நாலாம் கப்பின் ஆடையை உடைத்ததும் அக்காவின் கை அப்படியே நின்றது. உறிஞ்சினார், துப்பினார். அடுத்த கப்புக்குப் போகவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். அதைத் துப்பவில்லை, விழுங்கினார். நான் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. வியாபாரி நாலாம் கப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கண்ணை மூடி என்னவோ பிரெஞ்சில் சொல்ல, முசியே எனக்காகத் தமிழில் சொன்னார். தேவதாரு மரமாம், நல்ல சுருட்டாம், மழைக்காலத்து வீடாம். இந்த வருடம் குடித்ததில் இதுதான் முதல் என்றார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்று ஏக்கர் தப்பித்தது என்று நினைத்தேன்.

அக்கா ஐந்தையும் ஆறையும் முடித்து, கரண்டியைக் கழுவி, துணியில் துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் வாய் மூடியிருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முசியே சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், கேட்டுவிட்டார்.

"மதாம், உங்க நாக்கு இன்னா சொல்லுது?"

பரவால்ல என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தைதான். அதைச் சொன்னால் போதும், பொய் கூட இல்லை.

"நாலுல புகை இருக்கு முசியே" என்றார் அக்கா.

அதைத்தான் விரும்புகிறார்கள் என்று சிரித்தார் முசியே. அக்கா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது கொட்டையோட கொணம் இல்ல, குத்தம். மழைக்குப் பயந்து அடுப்புக்கு மேல பரண்ல ஏத்திக் காயவச்சிருக்காங்க. அடுத்த வருசம் மழை இல்லன்னா இந்த ருசி இருக்காது. இத நம்பி அஞ்சு வருசத்துக்கு எழுதாதீங்க."

முசியே மொழிபெயர்த்தார். வியாபாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பரண் என்று இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அந்தப் பரணுக்குக் கீழதான் நான் பொறந்தேன்" என்றார் அக்கா.

இரண்டாம் நம்பர் தேர்வானது. பழனி மலையில் யாரோ ஒரு குடும்பம்.

எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போகும்போது நான் அவரைத் திட்டினேன். வயதில் மூத்தவர் என்று பார்க்கவில்லை. சொந்தத் தாய்வீட்டுக்கே கொள்ளி வைத்துவிட்டு என்ன நாக்கு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை முழுங்கியிருக்கக்கூடாதா என்றேன்.

"முழுங்கத்தாம்பா பாத்தேன்" என்றார்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சர்க்கரை அதிகம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு மாஸ்டர் உண்மையிலேயே அதிகமாகப் போட்டிருந்தார்.

தம்பி அந்தக் கொட்டையைப் பரணில் ஏற்றியதில் எந்தச் சூதும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நாலு நாள் மழையில் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. அந்த வீட்டில் மழைக்கு நனையக்கூடாத எதையும் பரணில் ஏற்றுவதுதான் வழக்கம். அவர்கள் அம்மா ஏற்றினார், பாட்டி ஏற்றினார். பிறந்தது முதல் அவர்கள் குடித்த காபியெல்லாம் புகை அடித்த காபிதான். அவர்களுக்குக் காபி என்றால் அதுதான் ருசி. தம்பி எவ்வளவு முகர்ந்தாலும் அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருக்காது. அதே வீட்டில் பிறந்து அதைக் குறை என்று தெரிந்துகொண்டது அக்கா ஒருவர்தான். அதற்குத்தான் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

ஈஸ்டருக்கு முன்னால் நிலம் கைமாறியது. வீடும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் தம்பிக்கு மிஞ்சின. ரிசார்ட்காரர்கள் நல்ல மனிதர்கள், காபிச் செடிகளை வெட்டவில்லை. விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவதற்கு வைத்துக்கொண்டார்கள். சுற்றிக் காட்டும் வேலையையும் தம்பிக்கே கொடுத்தார்கள். தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, தன் செடிகளைக் காட்டி, இது ஒரு சின்னக் குடும்பத் தோட்டம் என்று அவர் தினம் இரண்டு வேளை சொல்லவேண்டும்.

இங்கே வேறு கூத்து. ஊருக்குப் போன வியாபாரி ஆர்டரை இரண்டு மடங்காக்கி எழுதினார். சொந்த வீட்டுச் சரக்கையே தள்ளிவிடுகிற நாக்கு இருக்கிற கம்பெனியை எப்படி நம்பாமல் இருப்பது என்று கேட்டிருந்தாராம். முசியே அதை நோட்டீசாக அச்சடித்துப் பெட்டிக்கு ஒன்று வைத்தார். படத்தில் அக்கா கரண்டியோடு நின்றார், சிரிக்கவில்லை. எனக்குச் சம்பளம் கூடியது. அவருக்கும் கூடியது. தம்பி மட்டும் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பரணில் காய்ந்த அந்தக் காபி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நாலு மூட்டை கம்பெனி வாசலில் இறங்கியது. அக்காதான் வரவழைத்திருந்தார். முசியேவிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நான் வறுத்துக் கொடுத்தேன். வீட்டில் சிக்கரித் தூளை நிறுத்திவிட்டார். ரயிலடிக்குப் பக்கத்தில் சந்துக்குள் அவர் வீடு. யார் போனாலும் அந்தக் காபிதான். டம்ளரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், "புகை அடிக்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிடுவார். பொறுத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த தடவை வரவில்லை. அவருடைய கணவர் ஒரு வருடத்துக்கு மேல் வாய் திறக்காமல் குடித்தார்.

இரண்டாவது வருடம் மாதா திருநாளுக்குத் தம்பி வந்திருந்தார். யார் சமாதானம் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக வறுத்து அரைத்த தூளைக் கொடுக்க நான் போனபோது, கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்து, அக்காவின் சாடை அப்படியே. அக்காவின் கணவருக்கு முன்னால் டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. அக்கா என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் நாலு பேருக்கும் காபி போட்டு எடுத்து வந்தார். புகை அடிக்கும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

தம்பி ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். ரிசார்ட்டில் வெளிநாட்டு மெஷின் காபி குடித்துக் குடித்து அவர் நாக்கும் மாறியிருக்கவேண்டும்.

"புகைதாங்க்கா அடிக்குது" என்றார். "அப்ப எனக்குத் தெரியல. இப்பத் தெரியுது."

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். குறையை ஒப்புக்கொண்டு ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். நான் மூன்று வருடம் முன்னாலேயே சொன்னேனே என்று ஆரம்பித்தால் கிழிந்த தார்ப்பாய் வரைக்கும் போவார். அவர் தன் டம்ளரைத் தூக்கி ஒரு மடக்கு குடித்தார். சத்தமே இல்லை, சாதாரணமாக மனிதர்கள் குடிப்பது போல.

"நல்லாருக்கு" என்றார்.

அவருடைய கணவர் டிவியை அணைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையைக் கேட்க அந்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை வருடம் காத்திருந்தார்கள், கடைசியில் அது ஒரு புகை அடித்த காபிக்குக் கிடைத்தது. அது பொய்யா மெய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் குடித்தேன். கண்ணீரே வரும் அளவுக்குப் புகைதான் அடித்தது.

தம்பி குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டினார். அக்கா தன் டம்ளரில் மீதியிருந்ததை அதில் ஊற்றினார்.

"இவ்ளோதான்டா இருக்குது. ஆத்திக் குடி."